எண்ணுவோரும் எண்ணப்படுவோரும்

'எண்ணுதல்' என்னும் தமிழ்ச் சொல்லுக்குக் கணக்கிடுதல் என்றும் கருதுதல் என்றும் இரு பொருள் உண்டு. ஒரு மக்கட் கூட்டத்தை அரசு கணக்கிடும்பொழுது அக்கூட்டத்தை இன்னதென்று கருதியும் விடுகிறது. தொகை தவறாயின் அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம். கருத்துத் தவறாயின் அது பாடநூலிலும் தீர்ப்பிலும் ஆய்வேட்டிலும் ஏறி, நாளடைவில் எண்ணப்பட்டவர்களின் நாவிலேயே குடியேறிவிடும். 2027 மார்ச் 1-ஆம் நாளை ஆதார நாளாகக் கொண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தப்பெறும் என்றும், அதில் சாதி பற்றிய வினாவும் இடம்பெறும் என்றும் மத்திய அரசு 2025-ஆம் ஆண்டு அறிவித்ததிலிருந்து நம் குடும்பங்களில் ஒரு கேள்வி எழுந்திருக்கிறது. கணக்கெடுக்க வருபவரிடம் நாம் யாரென்று சொல்வது? படிவம் நிரப்பும் சிறு வேலை போல இது தோன்றினும், இதன் அடியில் அறவினா ஒன்று கிடக்கிறது. ஒருவரை இன்னார் என்று பெயரிடவும், அப்பெயரின் பேரில் அவருக்காகப் பேசவும், அவரை ஆளவும் யாருக்கு உரிமை உண்டு?

வழிப்பறி செய்பவனும் நம்மிடம் பொருளைப் பெறுகிறான்; வரி தண்டும் அரசும் பெறுகிறது. முன்னவனுக்கு அஞ்சிக் கொடுக்கிறோம். பின்னதற்குக் கொடுக்கும்பொழுது, கேட்க அதற்கு உரிமை உண்டு என்று மனத்தளவில் ஒப்புகிறோம். அதிகாரத்துக்கு மக்கள் உள்ளத்தில் கிடைக்கும் இவ்வொப்புதலை அரசியல் அறிவியலார் 'ஏற்புடைமை' என்பர். ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வேபர் (1864-1920) இது மூன்று ஊற்றுக்களிலிருந்து பிறக்கும் என்றார்: வழிவழி வந்த மரபு, தலைவர் ஒருவரின் தனித்த ஈர்ப்பு, முறைப்படி இயற்றப்பட்ட சட்டம். இக்கால அரசுகள் பெரிதும் மூன்றாவதையே நம்பி நிற்கின்றன. சட்டம் வாக்கிலிருந்து வருகிறது. வாக்கு எல்லோர்க்கும் ஒன்றே. ஆதலின் ஆட்சியை எல்லோரும் ஏற்க வேண்டும் என்பது அதன் வாதம்.

இவ்வாதம் பெரும்பாலோர்க்குப் பொருந்தும். இன்று தோற்ற கட்சி நாளை வெல்லலாம் என்ற நம்பிக்கையால்தான் தோற்றவரும் ஆட்சியை ஏற்கின்றனர். ஆனால் எக்காலத்தும் எண்ணிக்கையால் வெல்லவே இயலாத கூட்டம் ஒன்று இருந்தால், அதன் ஒப்புதலை அரசு எவ்வாறு பெறும்? 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7 கோடியே 21 இலட்சம். அதில் ஜைனர் 89,265 பேர். நூற்றுக்கு 0.12 என்பது அதன் விகிதம். எந்தத் தொகுதியிலும் நம் வாக்கு ஓர் ஆட்சியை ஆக்கவோ அகற்றவோ போவதில்லை. இத்தகைய கூட்டத்தார் ஓர் அரசைத் தமதென்று உணர வேண்டுமாயின், குறைந்த அளவு அவ்வரசு தம்மை உள்ளபடி அறிந்திருக்கிறது என்ற நம்பிக்கையாவது வேண்டும்.

அந்த 89,265 என்னும் எண்ணைச் சற்று உற்று நோக்குவோம். அதனுள் இருப்போர் யாவர்? வந்தவாசி, செய்யாறு, ஆரணி, போளூர், திண்டிவனம், செஞ்சி ஆகிய வட்டாரங்களில் நெல்லும் மணிலாவும் விளைவித்து வாழ்ந்துவரும் தமிழ்ச் சமணர் இருக்கின்றனர். சென்னைப் பெருநகரில் பல தலைமுறைகளுக்கு முன்னோ அண்மையிலோ வந்து வணிகம் செய்யும் குஜராத்தி, மார்வாடிக் குடும்பத்தாரும் இருக்கின்றனர். திகம்பரர், சுவேதாம்பரர் ஆகிய இரு திறத்தாரும் இருக்கின்றனர். மத அட்டவணை வேறாகவும் தாய்மொழி அட்டவணை வேறாகவும் அச்சிடப்படுவதால், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட சமணர் எத்தனை பேர் என்று அவ்வறிக்கையைப் பார்த்து ஒருவரும் கூற இயலாது. நாம் எண்ணப்பட்டிருக்கிறோம், ஆயினும் அவ்வெண்ணில் நாம் காணப்படவில்லை.

இதனால் விளையும் கேடு கற்பனையன்று. 2001-ஆம் ஆண்டுக் கணக்கில் ஜைனரின் எழுத்தறிவு நூற்றுக்கு 94.1 என வெளிவந்தது. நாட்டின் சராசரி அப்போது 64.8. 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் இந்திய ஜைனர் 44 இலட்சத்து 51 ஆயிரத்துச் சொச்சம் பேரில் ஏறக்குறைய ஐந்தில் நால்வர் நகரவாசிகள். இவ்வெண்களைக் கண்ட ஆய்வாளர் 'ஜைனர் என்போர் நகர்ப்புற வணிகர். செல்வமும் கல்வியும் மிக்கவர்' என்று எழுதுவது இயல்பே. எழுதியதில் பொய் ஏதும் இல்லை. எனினும், மழை பொய்த்த ஆண்டில் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும் நம் ஊர்க் குடியானவர் அவ்வாக்கியத்துள் எங்கே இருக்கிறார்? மகாராஷ்டிரத்தில் மட்டும் 14 இலட்சம் ஜைனர் வாழ்கின்றனர். அவர்களுடைய சராசரி நம் முகத்தில் ஒட்டப்படுகிறது.

நம் ஆசாரியர்கள் இதற்கு எப்பொழுதோ பெயர் வைத்துவிட்டனர். உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் கூறிய நயங்கள் ஏழனுள் 'சங்கிரக நயம்' என்பது ஒன்று. பலவற்றுள் பொதுவாய் இருப்பதைப் பற்றிக்கொண்டு அனைத்தையும் ஒன்றாகக் காணும் பார்வை அது. 'வியவகார நயம்' அப்பொதுமையைப் பிரித்து, வேறுபாடு நோக்கிக் காணும். மரம் என்பது முன்னது. வேம்பு, புங்கு, பனை என்பது பின்னது. இரண்டும் உண்மையே. கணக்கெடுப்பு இயல்பாகவே சங்கிரக நயத்தின் வழிச் செல்வது. கோடிக்கணக்கானோரை எண்ணுகையில் வேறு வழியும் இல்லை. குற்றம் அதில் இல்லை. ஒரு நயம் 'நானே முழு உண்மை, மற்றவை இல்லை' என்று கூறத் தொடங்குமாயின் அது நயாபாசம், அதாவது நயம் போலத் தோன்றும் போலி. புள்ளிவிவரம் தன் எல்லையை மறந்து, 'ஜைனர் என்றால் இவ்வளவே' என்று முடித்துவிடும் இடத்தில்தான் நயம் நயாபாசமாகிறது. நாற்பது மாணவியரின் மதிப்பெண்ணைக் கூட்டி வகுத்துச் சராசரி காண்பதைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர் நாம். அச்சராசரியைக் கொண்டு கடைசி வரிசையில் இருக்கும் பெண்ணை மதிப்பிடலாகாது என்பதை ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் முதலாண்டிலேயே சொல்லித் தந்தனர்.

இனி, நம்மை இன்னார் என்று கூறியோர் வரலாற்றைப் பார்ப்போம். அது விந்தையான வரலாறு.

ஆங்கில ஆட்சியில் ஜைனருக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்ற வழக்குகள் அடுக்கடுக்காக வந்தன. 1927-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இடம்பெற்ற கட்டெப்பா - எரம்மா வழக்கில், சென்னை உயர்நீதிமன்றத்தின் பொறுப்புத் தலைமை நீதிபதியாயிருந்த குமாரசுவாமி சாஸ்திரியார், ஜைனர் இந்து சமயத்திலிருந்து பிரிந்தவர் அல்லர் என்பதையும், ஜைனம் ஸ்மிருதி நூல்களுக்கு மிகவும் முற்பட்டது என்பதையும் அண்மைக்கால ஆராய்ச்சி காட்டிவிட்டது என்று கருத்துரைத்தார். ஆயினும் முன் வந்த தீர்ப்புகளின் கட்டு வலியது. தனி வழக்கம் மெய்ப்பிக்கப்படாத இடத்து இந்துச் சட்டமே ஜைனர்க்கும் பொருந்தும் என்ற நிலை மாறவில்லை. இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. நாம் யார் என்பதற்குச் சான்றாக நீதிபதி கொண்டது 'ஆராய்ச்சி'யை. ஆராய்ச்சி மாறினால் நாமும் மாறுவோம் போலும்!

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 25-ஆம் விதியில், இந்துக்கள் பற்றிய குறிப்பு சீக்கியர், ஜைனர், பௌத்தர் ஆகியோரையும் உள்ளடக்கும் என்று ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமும் ஜைனருக்குப் பொருந்தும். 1993-இல் மத்திய அரசு முஸ்லிம், கிறித்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சியர் ஆகிய ஐவரைச் சிறுபான்மையினர் என அறிவித்தது, நம்மை அறிவிக்கவில்லை. 2005-இல் பால் பாட்டீல் வழக்கில், ஜைனரை அவ்வாறு அறிவிக்குமாறு அரசுக்கு ஆணையிட உச்சநீதிமன்றம் மறுத்தது. 2014 ஜனவரியில் மத்திய அரசு தானே ஜைனரை ஆறாவது சிறுபான்மையினராக அறிவித்தது. ஆக, 1993-க்கும் 2014-க்கும் இடையே நம் வழிபாட்டில் மாற்றம் இல்லை. விரதத்தில் மாற்றம் இல்லை. சூரியன் மறையுமுன் உண்ணும் வழக்கத்திலும் மாற்றம் இல்லை. மாறியது பிறர் நம்மை எண்ணிய வகை மட்டுமே.

இவ்வறிவிப்பு வேண்டும் என்றும் வேண்டா என்றும் நம்மவருள்ளேயே இரு கருத்து நிலவியதை வாசகர் அறிவர். வேண்டும் என்றோர் கல்வி நிறுவனங்களைக் காத்துக்கொள்ள அரசியலமைப்பின் 30-ஆம் விதி துணை செய்யும் என்றனர். வேண்டா என்றோர் அண்டை அயலாரிடமிருந்து நம்மைப் பிரித்துக் காட்டும் வேலி அது என்று அஞ்சினர். இரண்டிலும் பொருள் உண்டு. ஆனால் இவ்விவாதம் நடந்த மேடைகளில் நம் வட்டாரத்துச் சிற்றூர்களின் குரல் எத்தனை முறை கேட்டது? வழக்குத் தொடுத்தோரும் மறுப்புரைத்தோரும் பெரும்பாலும் பெருநகரத்தார்.

அதிகாரம் நம்மைப் பெயர் மாற்றச் செய்த பழைய கதை ஒன்றும் உண்டு. செஞ்சியை ஆண்ட வேங்கடபதி நாயக்கன் சமணரைத் துன்புறுத்தியபோது, உயிருக்கு அஞ்சித் திருநீறு பூசிக்கொண்டோர் 'நீறு பூசி வேளாளர்' ஆயினர் என்றும், தாயனூர்க் காங்கேய உடையார் உடையார்பாளையத்தில் அடைக்கலம் புகுந்தார் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறோம். இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கதை என்பதை வரலாற்றாசிரியர் ஆய்க. நீறு பூசிக்கொண்டோரை நம் முன்னோர் பழித்ததில்லை என்பதே நம் கருத்தைக் கவர்வது. வாளின் முன் ஒருவர் சொல்லும் பெயர் அவருடைய ஒப்புதலால் வந்த பெயர் ஆகாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஏற்புடைமை என்ற சொல்லை அறியாமலே அதன் பொருளை அறிந்திருந்தனர்.

இன்று வாள் இல்லை. படிவம் இருக்கிறது, ஆய்வேடும் இருக்கிறது. ஆகவே ஆராய்ச்சியின் அறத்தைப் பற்றியும் சிறிது பேச வேண்டும்.

விளிம்புநிலை மக்களைப் பற்றிய அரசியல் ஆராய்ச்சி கடந்த அறுபதாண்டுகளில் பெரிதும் வளர்ந்துள்ளது. ஹன்னா பிட்கின் என்னும் அம்மையார் 1967-இல் வெளியிட்ட நூலில், 'பிரதிநிதி' என்ற ஒரு சொல்லுக்குள் பல பொருள்கள் மறைந்திருப்பதைப் பிரித்துக் காட்டினார். முறைப்படி தேர்வு பெற்றவர் என்பது ஒன்று. நம்மைப் போன்றவர் என்பது ஒன்று. நம் அடையாளமாக நிற்பவர் என்பது ஒன்று. நம் நலத்துக்காகச் செயற்படுபவர் என்பது ஒன்று. முதல் மூன்றும் இருந்து நான்காவது இல்லாமற் போகலாம். 1998-இல் மெலிசா வில்லியம்ஸ் என்னும் மற்றோர் அம்மையார், நெடுங்காலம் ஒதுக்கப்பட்டோர்க்கு நியாயமான பிரதிநிதித்துவம் அமைய மூன்றைக் கருத வேண்டும் என்றார்: குரல், நம்பிக்கை, நினைவு. நினைவு என்பதை அவர் சேர்த்தது ஆழ்ந்த செயல். தாம் கடந்துவந்த துன்பத்தின் நினைவு ஒரு கூட்டத்தாருக்கு உண்டு. அந்நினைவில் பங்கில்லாதவர் எத்துணை நல்லவராயினும் அவர்க்காகப் பேசுகையில் ஏதோ ஒன்று விட்டுப்போகும்.

ஆயினும் நம்மை மிகவும் சிந்திக்க வைத்தவர் அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றி 1999-இல் நூல் எழுதிய கேத்தி கோஹன். எய்ட்ஸ் நோய் பரவிய காலத்தில், அம்மக்களின் தலைவர்களும் அமைப்புகளும் அந்நோயுற்றோரைத் தம்மவர் என்று ஏற்கத் தயங்கியதை அவர் ஆராய்ந்தார். வெளியாரால் ஒதுக்கப்பட்ட சமுதாயம், தன் நற்பெயரைக் காக்கும்பொருட்டுத் தன்னுள்ளேயே சிலரை ஒதுக்கியது. இதனை 'இரண்டாம் நிலை ஒதுக்கம்' என்றார். பின்னர் தாரா ஸ்ட்ரோலோவிச் 2007-இல் வெளியிட்ட நூலில், நலிந்தோர்க்காகப் பேசும் 286 அமெரிக்க அமைப்புகளை ஆராய்ந்து, அவை தம்முள் வசதி மிக்க பிரிவினரின் குறையைப் பொதுக்குறை என்றும், தம்முள் மிகவும் நலிந்தோரின் குறையைச் சிலரது தனிக்குறை என்றும் கொள்ளும் போக்கைக் காட்டினார். நாடு வேறு, மக்கள் வேறு, துன்பத்தின் அளவும் வேறு. அடிமைத்தனத்தைக் கடந்து வந்தோருடன் நம்மை ஒப்பிடுவது அடாது. ஆயினும் அவ்விரு நூல்களும் கூறும் செயல்முறை எந்த மன்றத்திலும், எந்தச் சங்கத்திலும் நிகழக்கூடியது.

அறிஞர் ஒருவர் ஒரு சமுதாயத்தை எவ்வாறு அணுக வேண்டும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே உயர்ந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தபோது, சமய நுட்பங்கள் விளங்காமல் இடர்ப்பட்டார். இலக்கணமும் இலக்கியமும் கரைகண்ட அவர், கும்பகோணத்தில் சமணர் இல்லங்களுக்கு நடந்து சென்றார். சந்திரநாத செட்டியார் போன்றோரிடம் மாணவர் போலக் கேட்டுத் தெளிந்தார். ஏட்டில் மறைந்துகிடந்த நூல் என்று அவர் எண்ணியிருந்தது, அங்கே குடும்பங்களில் ஓதப்படும் நூலாக வாழ்ந்துகொண்டிருந்தது. 1887-இல் அப்பதிப்பு வெளிவந்தது. அவர் சைவர், நம் சமயத்தைத் தழுவவும் இல்லை, தழுவியதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. 'சமணமும் தமிழும்' எழுதிய மயிலை சீனி. வேங்கடசாமியும் சமணர் அல்லர். ஆகவே, நம்மைப் பற்றி நம்மவரே எழுத வேண்டும், பிறர் எழுதலாகாது என்னும் கட்சியை நாம் ஏற்பதற்கில்லை. எழுதுபவர் எங்கே பிறந்தார் என்பதைவிட, எழுதுமுன் யார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்டார் என்பதே பெரிது. அதே சமயம் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் (1880-1960) போன்ற நம்மவர் ஒருவர் எழுதும்பொழுது, வில்லியம்ஸ் அம்மையார் கூறும் நினைவு அதில் கலந்திருப்பதையும் மறுக்க இயலாது.

இனி, விரலை நம் பக்கம் திருப்புவோம். இந்தப் பகுதி சிலர்க்குக் கசக்கலாம். கடுக்காயும் கசக்கும்.

கணக்கெடுப்பு நம்மைப் பெருந்தொகையுள் கரைத்துவிட்டது என்று முறையிடுகிறோம். நம் ஊர்களில் நாம் வைத்திருக்கும் பதிவேடுகள் எப்படி இருக்கின்றன? ஜினாலய வரிப் புத்தகத்தில் குடும்பத் தலைவர் பெயர் இருக்கும். ஆண்மக்கள் பெயர் இருக்கும். பெண்கள் பல இடங்களில் 'மனைவி', 'தாயார்', 'மகள் 2' என்ற அளவில் நிற்கின்றனர். கைம்பெண் தனித்து வாழும் வீடு மைத்துனர் கணக்கில் சேர்ந்துவிடும். பள்ளியில் வருகைப் பதிவேட்டில் பெயர் விடுபட்ட குழந்தை, அந்நாள் வந்திருந்தும் வராதவளே ஆவாள். அரசு நமக்குச் செய்ததை நாம் நம் பெண்களுக்குச் செய்திருக்கிறோம். இதுவும் இரண்டாம் நிலை ஒதுக்கமே.

இது நம் மரபு என்று எவரும் கூறற்க. வந்தவாசிக்கு அருகிலுள்ள வேடல் கல்வெட்டைப் பாருங்கள். ஆதித்த சோழன் காலத்ததாகக் கருதப்படும் அக்கல்வெட்டில் கனகவீரக் குரத்தியார் என்னும் பெண்துறவி, குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியாராக, 500 மாணவியரோடு குறிக்கப்படுகிறார். அவர்க்கு ஒரு பிணக்கு நேர்ந்தபோது அவ்வூரார் அவரைக் காத்து உணவளிக்கப் பொறுப்பேற்றனர். ஆயிரத்து நூறாண்டுகளுக்கு முன் ஒரு பெண் ஆசிரியர் தம் சொந்தப் பெயரால் கல்லில் நிற்கிறார். யாருடைய மனைவி என்றோ யாருடைய மகள் என்றோ அன்று; ஆசிரியர் பெயரும் மாணவியர் தொகையுமே அவர்க்கு அடையாளம். நீலகேசியை எடுத்துக்கொள்ளுங்கள். பிற சமயத்தாரோடு வாதிட்டு நம் கொள்கையை நிலைநாட்டும் பொறுப்பை அந்நூலாசிரியர் ஒரு பெண் பாத்திரத்திடமே கொடுத்தார். சக்கரவர்த்தி நயினார் 1936-இல் அதனைச் சமய திவாகர உரையுடன் பதிப்பித்தபோது நம்மவர் பெருமிதம் கொண்டனர். நூலில் பெண் வாதிடுவதைக் கொண்டாடுவோம். ஆலயக் குழுக் கூட்டத்தில் அவள் எழுந்து கணக்குக் கேட்டால் முகம் சுளிப்போம். இது என்ன நியாயம்?

மற்றொன்றும் உண்டு. 'விளிம்புநிலை' என்னும் சொல்லை நமக்கு நாமே சூட்டிக்கொள்ளுமுன் ஒரு கணம் நிற்க வேண்டும். தொகையால் நாம் மிகச் சிறியோர், உண்மை. நம் பெயர் பெருந்தொகையுள் மறைகிறது, அதுவும் உண்மை. ஆனால் நம்மில் பலர் நிலமுடையோர். நம் கழனியில் நாற்று நட்டவர்க்கு நிலம் இருந்ததா? அவர்தம் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே ஆண்டில் பள்ளியில் சேர்ந்தனரா? ஒரு நயத்தில் நாம் விளிம்பில் இருக்கிறோம். மற்றொரு நயத்தில், நம் ஊரின் நடுத்தெருவில் இருக்கிறோம். ஸியாத்வாதத்தைப் பிறரோடு வாதிடும்போது மட்டும் எடுத்துவிட்டு, நம் நலம் பேசும்போது பெட்டியில் வைத்துப் பூட்டலாகாது. தனக்கு உரியதல்லாத துன்பத்தின் பேரால் பயன் பெறுவது கள்ளாமை என்னும் அணுவிரதத்தோடு பொருந்துமா என்று இல்லறத்தார் எண்ணிப் பார்க்க வேண்டும். சிறுபான்மையினர்க்குரிய உதவியை நாடும் ஏழைக் குடும்பத்தைக் குறித்து இதைச் சொல்லவில்லை. அவ்வுதவி அவர்கட்கே உரியது. அவர்கள் வறுமையைக் காட்டி அதன் பலனை வசதியுடையோர் பெறுவதைத்தான் குறித்தோம்.

சாதிக் கட்டத்தில் என்ன சொல்வது என்ற கேள்விக்கு வருவோம். நம் முன்னோர் நயினார், உடையார், செட்டியார் எனப் பலவாறு பட்டம் வைத்திருந்தனர். நயினார் என்பது சாதியா, பட்டமா, சமயத்தாரைக் குறிக்கும் சொல்லா? மூன்றும் என்று சொல்வார் உண்டு. ஆதிபுராணத்தில் ஜினசேனாசாரியர் ஆதிபகவன் மூன்று வருணங்களை வகுத்தார் என்றும், பரதன் பின்னர் நான்காவதை அமைத்தான் என்றும் கூறினார்; பிறப்பைவிடக் குணமே மேல் என்று உரைத்த ஆசாரியரும் உண்டு. நூல்களே ஒரு குரலில் பேசாத இடத்தில், ஒரே விடையை எல்லோரும் சொல்ல வேண்டும் என்று எந்தச் சங்கமும் சுற்றறிக்கை விடுவது முறையன்று என்பது நம் துணிபு. எண்ணிக்கையைப் பெருக்குவதற்காக ஒருவர் உள்ளத்தில் இல்லாத பெயரை அவர் வாயில் வைப்பது, சிறிய அளவில், செஞ்சி நாயக்கன் செய்த வேலையே. மதம் என்ன என்னும் வினாவுக்கும் தாய்மொழி என்ன என்னும் வினாவுக்கும் தயக்கமின்றி ஜைனம் என்றும் தமிழ் என்றும் சொல்வோம். அவை இரண்டும் உள்ளபடியே உள்ளவை. சாதிக் கட்டத்தை அந்தந்தக் குடும்பம் கூடிப் பேசி முடிவு செய்யட்டும்; அப்பேச்சில் மருமகளும் பாட்டியும் இருக்கட்டும்.

அரசின் அட்டவணை நம் சிற்றூர்களைத் தனித்துக் காட்டப்போவதில்லை. அதை நாமே செய்துகொள்ளலாம். அதற்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை. ஒவ்வோர் ஊர் ஜினாலயத்திலும் ஒரு குறிப்பேடு போதும். வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரும், பெண்கள் பெயர் அவரவர் சொந்தப் பெயராக. பிறந்த ஆண்டு, படிப்பு, தொழில். நிலம் உண்டா, இல்லையா. சென்னைக்கோ பெங்களூருக்கோ அதற்கப்பாலோ சென்றவர் எவர் எவர். தனித்து வாழும் முதியோர் எத்தனை பேர். ஊர் இளைஞர் இருவரும் படித்த பெண்கள் இருவரும் அமர்ந்தால் ஒரு சிற்றூர்க்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆகும். பாதுகாப்பாக வைக்க வேண்டும். கேட்பவர்க்கெல்லாம் பெயர்களைக் கொடுத்துவிடலாகாது. தொகையை மட்டும் தரலாம். மேல்சித்தாமூர் மடத்தில் ஆண்டு விழாவுக்குக் கூடும்போது ஊர்தோறும் எழுதிய தொகைகளைச் சேர்த்துப் பார்க்கலாம். பதிவேட்டில் முதல் பெயராகக் குடும்பத் தலைவரை எழுதுவதா, வயதில் மூத்தவரை எழுதுவதா என்று கேட்கக்கூடும். வயதில் மூத்தவரை எழுதலாம் என்பது நம் யோசனை. பல வீடுகளில் அவர் ஒரு பாட்டியாக இருப்பார்.